இமயமலையில் கடுகுரோகிணியை அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடுகுரோகிணியை நம்மில் பெரும்பாலோர் நாட்டு மருந்துக் கடையில் சுருங்கிய கறுத்த துண்டுகளாகத்தான் பார்த்திருப்போம். அது உயிரோடு நிற்கும் இடம் இமயமலையின் மேற்பகுதி. உத்தராகண்ட், இமாசலம், காஷ்மீர் என்று மலையேறப் போகிற தமிழர்கள் இப்போது அதிகம். போய்விட்டு வந்து, "இந்த ஊதாப் பூ கடுகுரோகிணியா?" என்று படத்தைக் காட்டிக் கேட்பவர்களும் அதிகம். அப்படி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

படத்தில் பூவின் நிறம் மட்டும் தெளிவாக இருக்கிறது. அதை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியாது. நிறம்தான் இருப்பதிலேயே பலவீனமான அடையாளம். ஜூலை, ஆகஸ்டில் மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் உயரத்துக்குப் போனால் கண்ணில் படுவதில் பெரும்பகுதி ஊதா, நீலம், இளஞ்சிவப்பு தான்: ஜெரேனியம், பெடிகுலாரிஸ், பிரிமுலா, டெல்ஃபினியம், நெப்பெட்டா, ஆர்க்கிடு, அப்புறம் விஷச் செடியான அகோனைட்டம். போதாததற்கு, கடுகுரோகிணியின் பூவே ஒரே நிறத்தில் இருப்பதில்லை. வெளிர் நீலம், நீலம் கலந்த ஊதா, சில செடிகளில் ஏறக்குறைய வெள்ளை. மேகமூட்டத்தில் கைபேசி கேமரா நீலத்தை ஊதாவாகக் காட்டுவதும் உண்டு. இலை தெரிகிற படம் இருந்தால் அனுப்புங்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

சரி, கடுகுரோகிணி என்பது எந்தச் செடி?

தாவரவியல் பெயர் பிக்ரோரைசா குர்ரோவா. முன்பு ஸ்க்ரோஃபுலாரியேசி குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு பிளாண்டஜினேசி குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய நூல்களில் பழைய குடும்பப் பெயரே இருக்கும், குழம்ப வேண்டாம். இந்தி பேசும் பகுதிகளில் குட்கி என்றும், இமாசலத்தில் கடு, கரு என்றும் சொல்வார்கள். வழிகாட்டியிடம் "கடுகுரோகிணி எங்கே?" என்றால் அவருக்குப் புரியாது. "குட்கி" என்று கேளுங்கள்.

பல ஆண்டு வாழும் சிறு செடி. குளிர்காலத்தில் மேற்பகுதி காய்ந்து பனிக்கு அடியில் போய்விடும். மண்ணுக்குள் படுக்கையாக ஓடும் தடித்த தண்டு உயிரோடு இருந்து, பனி உருகியதும் புது இலை விடும். கடையில் நாம் வேர் என்று வாங்குவது பெரும்பாலும் இந்தத் தரையடித் தண்டைத்தான்.

எந்த உயரத்தில், எந்த மாதத்தில் தேட வேண்டும்?

மேற்கு இமயமலையில் சுமார் 3300 முதல் 4300 மீட்டர் வரை. பூக்கும் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பனி உருகுவது இடத்துக்கு இடம் மாறும் என்பதால் ஒரே மலையில்கூடக் கீழ்ச்சரிவில் விதை கட்டியிருக்கும்போது மேலே அப்போதுதான் பூத்துக்கொண்டிருக்கும்.

உத்தராகண்டில் சோப்தாவிலிருந்து துங்நாத் ஏறும் வழியின் மேற்பகுதியும் மலர்ப் பள்ளத்தாக்கும் இந்த உயரத்துக்குள் வருகின்றன. துங்நாத் கோயில் சுமார் 3680 மீட்டரில் இருக்கிறது. பிர்ச்சு மரங்களும் குட்டை ரோடோடென்ட்ரான்களும் அருகிப்போய், உள்ளூரில் புக்யால் என்று சொல்லும் புல்வெளி தொடங்கும் இடத்திலிருந்து கவனிக்கத் தொடங்குங்கள். நடுப் புல்வெளியைவிடப் பாறை இடுக்கு, கல் கலந்த ஈரச் சரிவு, பாறைத் திட்டின் ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். மண் மெலிதாகவும் ஈரம் வடிந்தோடும்படியும் இருக்கும் இடங்களில் இது பாயாகப் படர்ந்திருக்கும்.

2000 மீட்டர் உயரத்தில், தேவதாரு காட்டுக்குள் பார்த்தேன் என்றால், அது வேறு செடி. படம் பார்க்காமலேயே இதைச் சொல்லிவிடலாம்.

நேரில் பார்த்தால் என்னென்ன கவனிக்க வேண்டும்?

கீழிருந்து மேலே போங்கள். பலரும் பூவில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

முதலில் இலை. ஏறக்குறைய எல்லா இலைகளும் தரையோடு ஒரு கொத்தாக இருக்கும். 5 முதல் 10 செ.மீ. நீளம். நுனிப்பக்கம் அகன்று, அடிப்பக்கம் மெல்ல மெல்லக் குறுகும். காம்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி, இலைத்தாள் இரு பக்கமும் மெலிதாகக் காம்போடு இறங்கிவரும். விளிம்பில் ரம்பம் போலக் கூரான பற்கள். இந்தப் பற்களை மறக்காதீர்கள். பின்னால் வரும் பாதிக் குழப்பங்களை இவையே தீர்த்துவிடும்.

அடுத்து பூந்தண்டு. இலைக்கொத்தின் நடுவிலிருந்து நேராக, இலைகளைவிட உயரமாக எழும்பும். அதில் முழு வளர்ச்சி பெற்ற இலைகள் இருக்காது, செதில் போன்ற சிறு இலைகள் ஒன்றிரண்டு இருக்கலாம். செடி மொத்தமாகவே ஒரு சாண் உயரம், சற்றுக் கூடக் குறைய. முழங்கால் உயரச் செடி என்றால் அது இதுவல்ல.

உச்சியில் பூக்கள் நெருக்கமாக அடுக்கிய உருளை வடிவக் கதிர். ஒவ்வொரு பூவும் மிகச் சிறியது, சுமார் 8 மி.மீ. அல்லி வட்டம் பாதி வரை ஐந்தாகப் பிளந்திருக்கும். ஐந்து பிரிவுகளும் ஏறக்குறைய சமம், மேல் உதடு கீழ் உதடு என்று பிரியாது.

கடைசியாக மகரந்தத் தாள்கள். நான்கு இருக்கும், இதழ்களைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தள்ளி நின்று பார்த்தாலே கதிர் முழுக்க மெல்லிய இழைகள் சிலிர்த்து நிற்பது தெரியும், பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி. இந்த இழைகளும் ரம்ப இலையும் அந்த உயரமும் மூன்றும் ஒத்துப்போனால் ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

பூ இல்லாத காலத்தில் பார்த்தால்?

சிரமம்தான். ஆனாலும் செப்டம்பர் வாக்கில் உலர்ந்த கதிர் நின்றுகொண்டிருக்கும். அதில் முட்டை வடிவச் சிறு காய்கள், முற்றியதும் நான்காகப் பிளக்கும். ரம்ப இலைக் கொத்தும் இந்தக் கதிரும் சேர்ந்திருந்தால் "பெரும்பாலும் கடுகுரோகிணி" என்று குறித்துக்கொள்ளலாம். இலை மட்டும் இருந்தால் நான் பெயர் சொல்ல மாட்டேன்.

எந்தெந்தச் செடிகளோடு குழம்புகிறார்கள்?

முதலிடம் லாகோட்டிஸுக்கு. அதே உயரம், அதே மாதிரி ஈரச் சரிவு, தரையோடு இலை, மேலே நெருக்கமான நீலக் கதிர். காஷ்மீரிலும் இமாசலத்திலும் இது அடிக்கடி கண்ணில் படும். வேறுபாடு இதுதான்: லாகோட்டிஸின் இலை சற்றுச் சதைப்பற்றோடு வழுவழுப்பாக இருக்கும், விளிம்புப் பற்கள் மழுங்கலாக இருக்கும். பூந்தண்டில் காம்பில்லாத சிறு இலைகள் இருக்கும். கதிரில் பூவடிச் செதில்கள் பெரிதாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். பூவைப் பிரித்துப் பார்க்காமலேயே இன்னொன்றும் தெரியும்: மகரந்தத் தாள் இரண்டுதான். கடுகுரோகிணியின் சிலிர்த்த தோற்றம் இதற்கு வராது. இது வெறும் புத்தகக் குழப்பமும் இல்லை. சந்தையில் குட்கியோடு லாகோட்டிஸ் வேரும் கலந்து வருகிறது.

இரண்டாவது உல்ஃபீனியோப்சிஸ், பழைய பெயர் உல்ஃபீனியா. இதுவும் தரையோடு இலைக்கொத்து, நீலம் கலந்த ஊதாப் பூ. ஆனால் இது கீழ்மலைச் செடி, நிழலான பாறைகளில் வளரும். பூக்கள் தண்டின் ஒரே பக்கமாகத் தலைகுனிந்து தொங்கும். கடுகுரோகிணியின் கதிரில் பூக்கள் சுற்றிலும் நெருக்கமாக இருக்கும். ஒருமுறை இரண்டையும் பார்த்தவர்கள் பிறகு குழம்ப மாட்டார்கள்.

புருனெல்லா வல்காரிஸையும் அனுப்புகிறார்கள். குட்டையான ஊதாக் கதிர் என்பதைத் தவிர ஒற்றுமை எதுவும் இல்லை. தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், நாலு பட்டை தெரியும். இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கும். துளசிக் குடும்பம் அது.

பிஸ்டோர்ட்டா அஃபினிஸ் பாறைமேல் பாயாகப் படர்ந்து இளஞ்சிவப்புக் கதிர் விடும். இலை விளிம்பில் பல் இருக்காது, இருந்தாலும் மிக நுண்ணியதாகத்தான் இருக்கும். பெடிகுலாரிஸுக்கு இலை பெரணி மாதிரி வெட்டுண்டிருக்கும். பிரிமுலாவுக்குப் பூக்கள் தண்டின் நுனியில் குடை போல ஒரே இடத்திலிருந்து கிளம்பும், கதிராக இருக்காது.

டாக்டிலோரைசா ஹடாகிரியா என்ற ஆர்க்கிடைத் தனியாகச் சொல்ல வேண்டும். தடித்த தண்டில் ஊதாக் கதிர், பார்க்க மிக அழகு. பூவில் கீழ் இதழ் அகன்று புள்ளிகளோடு இருக்கும், பின்னால் ஒரு சிறு கொம்பு. இலைகள் ஈட்டி வடிவில் தண்டைத் தழுவி நிற்கும், பல் இல்லை. விரல்கள் விரிந்த கை போன்ற கிழங்குக்காக இதையும் தோண்டித் தோண்டியே அரிதாக்கிவிட்டார்கள்.

சடாமாஞ்சிலும் ஊதாப் பூதானே? இரண்டும் ஒரே இடத்தில் வளருமா?

ஒரே உயரத்தில் வளரலாம். சடாமாஞ்சிலின் பூ இளஞ்சிவப்பு கலந்த ஊதா. இலை நீளமாக, குறுகலாக, விளிம்பு முழுமையாக இருக்கும். பூக்கள் நீண்ட கதிராக இல்லாமல் உச்சியில் சிறு கொத்தாகத் திரளும். தண்டின் அடியில் பழைய இலைகளின் நார்கள் சடை போல மூடியிருக்கும். வாசனையும் பலமாக இருக்கும். கடுகுரோகிணிக்கு அந்த மணம் கிடையாது.

நேபாளத்தில், சிக்கிமில் பார்த்ததும் இதுதானா?

அநேகமாக அதன் நெருங்கிய உறவு: நியோபிக்ரோரைசா ஸ்க்ரோஃபுலாரிஃப்ளோரா. உத்தராகண்ட் பக்கத்திலிருந்து கிழக்கே நேபாளம், சிக்கிம், பூடான், தென்கிழக்குத் திபெத் வரை, 3600 முதல் 4800 மீட்டர் வரை இதுதான். பூ சற்றுப் பெரியது, நிறமும் அடர்த்தி. அல்லி வட்டம் தெளிவாக இரண்டு உதடுகளாகப் பிரிந்திருக்கும். மகரந்தத் தாள்கள் வெளியே நீளாது. அதாவது மேற்கில் கதிர் சிலிர்த்து நிற்கும், கிழக்கில் சிலிர்க்காது. ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு வடிவங்களாகவே நினைத்தார்கள்.

வியாபாரத்தில் இரண்டும் குட்கிதான். நேபாளத்திலிருந்து இந்தியச் சந்தைக்கு வருவது பெரும்பாலும் இந்தக் கிழக்கு இனம்.

வேரைக் கொஞ்சம் கடித்துப் பார்த்தால் போதுமே? கசந்தால் கடுகுரோகிணிதானே?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அதே சரிவுகளில் அகோனைட்டம் இனங்கள் வளர்கின்றன. நம் மருத்துவ மரபில் நாபி, வச்சநாபி என்று வழங்கும் கொடிய விஷம் அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். அதில் உள்ள அகோனைட்டின் என்ற நஞ்சு சில மில்லிகிராம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. முதலில் உதடும் நாக்கும் மதமதக்கும், பிறகு வாந்தி, பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதற்கென்று குறிப்பிட்ட மாற்று மருந்து கிடையாது. மருத்துவமனையில் இதயத்தைக் கண்காணித்துத் தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை. நீங்கள் நிற்பதோ சாலையிலிருந்து ஒரு நாள் நடை தூரத்தில். நாபி வேரைக் கையில் வைத்துக் கசக்குவதே நல்லதல்ல, தோல் வழியாகவும் விஷம் உள்ளே போகும்.

கசப்பு ஒரு அடையாளமாகவும் உதவாது. மலையில் கசக்கும் வேர்கள் ஏராளம். ஜென்ஷியன் கசக்கும், ஸ்வெர்ஷியா கசக்கும், அதிவிடயமும் கசக்கும்.

அதிவிடயமும் அகோனைட்டம்தானே? அது விஷமில்லை என்கிறார்களே?

ஆமாம். அகோனைட்டம் ஹெட்டிரோஃபில்லம் என்ற இனம் அது. கொடிய அகோனைட்டின் அதில் இல்லை, முக்கியச் சத்து அட்டிசின் என்ற வேறொரு பொருள். ஆனால் மலையில் நின்றுகொண்டு "இது விஷமில்லாத அகோனைட்டம்" என்று இனம் பிரிப்பது பழக்கமில்லாதவர்களுக்கு ஆகிற வேலை இல்லை. அந்தப் பேரினம் என்று தெரிந்தாலே தள்ளி நின்று படம் எடுங்கள், போதும்.

பேரினத்தைத் தெரிந்துகொள்வது எளிது. பூவின் மேல் புல்லி தலைக்கவசம் போலக் கவிந்து உள்ளிருப்பதை மூடியிருக்கும். டெல்ஃபினியத்துக்குக் கவசம் இருக்காது, பின்பக்கம் நீண்ட கொம்பு இருக்கும். அதிவிடயத்தின் பூ பச்சையும் நீலமும் கலந்து, ஊதா நரம்புகளோடு இருக்கும். கடுகுரோகிணியின் சிறு பூக்களோடு இவற்றைக் குழப்ப வழியே இல்லை. ஆனால் பூ உதிர்ந்து, தோண்டிய வேர் மட்டும் கையில் இருந்தால் குழப்பம் வரும். வேரை வைத்து அடையாளம் காணாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ கிடைக்குமா?

கிடைக்காது. தொட்டபெட்டா 2637 மீட்டர், ஆனைமுடி 2695 மீட்டர். கடுகுரோகிணி தொடங்கும் உயரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் எந்தச் சிகரமும் எட்டவில்லை, மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும் குளிர்காலமும் இங்கே இல்லை. கடுகுரோகிணி எப்போதும் வடக்கிலிருந்து வந்த சரக்குதான். ஊட்டியில் யாராவது மலையிலிருந்து நேரடியாகப் பறித்த கடுகுரோகிணி என்று விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

சமவெளியில் முடியாது. வெயிலில் செத்துவிடும்.

கடையில் வாங்கிய வேர் சரியானதா என்று எப்படிப் பார்ப்பது?

நல்ல சரக்கு சற்று வளைந்த, சுருக்கம் விழுந்த, சாம்பல் கலந்த பழுப்புத் துண்டாக இருக்கும். பென்சில் கனத்துக்கு மேல் போகாது. மேலே இலை உதிர்ந்த தழும்புகளும் வேர் அறுந்த புள்ளிகளும் தெரியும். உடைத்தால் நாராக இழுக்காமல் சட்டென்று முறியும். முறிந்த இடத்தில் கறுப்புக்கு நடுவே வெளிறிய வளையம் தெரியும்.

ஆனால் இவை மேலோட்டமான சோதனைதான். மேற்கு இனமா கிழக்கு இனமா, லாகோட்டிஸ் கலந்திருக்கிறதா என்பதெல்லாம் நுண்ணோக்கியிலும், பிக்ரோசைடு என்ற அதன் வேதிப்பொருளின் அளவைப் பார்க்கும் ஆய்வகத்திலும்தான் தெரியும். கல்லீரலுக்கு நல்லது என்று படித்துவிட்டுத் தானாகவே வாங்கிச் சாப்பிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சித்த மருத்துவரிடம் கேட்டு, தரம் சோதித்த மருந்தாக வாங்குங்கள்.

இணையத்தில் தேடும்போது இன்னொரு குழப்பம் வரும். ஜென்ஷியானா குர்ரூ என்று பெயர் ஒத்த வேறொரு செடி இருக்கிறது. அதுவும் இமயமலை, அதுவும் கசப்பு வேர், அதுவும் அழிவின் விளிம்பில். பூ மட்டும் முற்றிலும் வேறு: பெரிய நீலப் புனல், மழைக்காலம் முடியும்போது பூக்கும், உயரமும் குறைவு.

நினைவுக்கு ஒரே ஒரு செடியைப் பிடுங்கி வரலாமா?

தேசியப் பூங்காவுக்குள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எந்தச் செடியையும் பிடுங்கக் கூடாது. மலர்ப் பள்ளத்தாக்கு அப்படிப்பட்ட பூங்காதான். வெளியே உள்ள காட்டுப் பகுதிகளிலும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் மூலிகை எடுக்க முடியாது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பிக்ரோரைசா குர்ரோவா 1997 முதல் இருக்கிறது.

சட்டத்தைத் தாண்டியும் காரணம் உண்டு. மருந்துக்கு வேண்டியது தரையடித் தண்டு, அதை எடுத்தால் செடியே போச்சு. இலை பறிக்கிற மூலிகை மாதிரி மறுபடி துளிர்க்க வழியில்லை. அந்தக் குளிரில் வளர்ச்சி நிதானம், வருஷத்தில் சில மாதங்கள்தான் வளரவே முடியும். விதை விழும் முன்பே தோண்டிவிட்டால் அடுத்த தலைமுறையும் இல்லை. போன இடமெல்லாம் "குட்கி முன்பு நிறைய இருந்தது" என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வது இதனால்தான்.

நல்ல செய்தியும் இருக்கிறது. இதைப் பயிராக வளர்க்க முடியும். தரையடித் தண்டைத் துண்டுகளாக வெட்டி நட்டாலே வரும். உத்தராகண்டில் சமோலி மாவட்டத்தின் கேஸ் கிராமத்தில் விவசாயிகள் குட்கியை வயலில் வளர்த்து விற்கிறார்கள். மேலே வளரும் செடியைத் தொடாமல் சந்தைக்குச் சரக்கு வர இதுதான் வழி.

எந்த மாதிரி படம் எடுத்தால் அடையாளம் சொல்ல முடியும்?

செடி நிற்கும் இடமும் சுற்றுப்புறமும் தெரிகிற ஒரு படம். தரையோடு உள்ள இலைக்கொத்தை மேலிருந்து ஒரு படம், இலை விளிம்பு தெளிவாக இருக்கட்டும். கதிரைப் பக்கவாட்டில் மிக நெருக்கமாக ஒன்று. பின்னால் உள்ளங்கையையோ கறுப்புத் துணியையோ வைத்தால் மகரந்தத் தாள்கள் தனியாகத் தெரியும். காற்று விடாமல் அடிக்கும், எனவே கதிரை மட்டும் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்துவிடுங்கள், ஒன்றாவது தேறும். அளவுக்குப் பக்கத்தில் ஒரு நாணயம். தேதியையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். படுத்து எடுக்க நேர்ந்தால் பக்கத்துச் செடிகள் நசுங்காமல் பாறைமேல் உடம்பைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

செயலி சொல்லும் பெயரை நம்பலாமா?

பேரினம் வரைக்கும் ஓரளவு நம்பலாம். இனம் என்று வரும்போது, குறிப்பாக லாகோட்டிஸும் பிக்ரோரைசாவும் மோதும் இடத்தில், செயலி தரும் பெயரை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு இலைப் பற்களையும் மகரந்தத் தாள்களையும் நீங்களே சரிபாருங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் படத்தை ஏற்றினால் தாவரங்களை அறிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். அழிவை எதிர்நோக்கும் இனங்கள் என்றால் அந்தத் தளம் சரியான இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைத்துவிடும். நீங்களும் சமூக ஊடகத்தில் போடும்போது இடக்குறியீட்டை எடுத்துவிட்டு, மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோண்டுகிறவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.